ஓநாய்க் கலப்புக்குச் சமச்சீர் உணவு

ரானுயி என்ற புறநகரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்வளவில் ஒரு நாய் இருந்தது. வீட்டுக்காரர் மேல்தளத்தில், நாங்கள் கீழே: ஒரு அறை, ஒரு குசினி, உடுப்புத் தோய்க்க ஒரு சின்ன இடம். எங்கள் கதவைத் திறந்தால் நேர் முன்னால் நாயின் கம்பிக்கூடு. என்னிலும் உயரமான வலை, மேல்விளிம்பை உள்பக்கமாக வளைத்துக் கட்டியிருந்தது. தெருவுக்குப் போக வேறு வழி கிடையாது. கூட்டுக்கும் பக்கத்து வேலிக்கும் நடுவில் ஒரு ஆள் மட்டும் போகக்கூடிய இடைவெளி. நான் அதால் நடக்கும்போது நாயும் வலைக்கு அந்தப் பக்கம் எனக்குச் சரிசமமாக நடந்து வரும். குரைக்காது. குரைத்திருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எங்கள் அகதி விண்ணப்பம் விசாரணையில் இருந்தது. கணவருக்கு வேலை செய்ய அனுமதி கிடைத்திருந்தது, எனக்குக் கிடைக்கவில்லை. அவர் விடியவே ரயில் எடுத்து நகர மையத்துக்குப் போய், அங்கே மாறி, பென்ரோஸில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி இறக்கிவிட்டுப் பொழுதுபடத் திரும்பி வருவார். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் பன்னிரண்டு வருடம் மனையியல் படிப்பித்தவள். இங்கே காலை எட்டு மணிக்குள் என் வேலை எல்லாம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு தபால் வரும்வரை யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டிருப்பேன். தபால் வந்து, எங்களுக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், அடுத்த நாள் தபாலுக்காகக் காத்திருக்கத் தொடங்குவேன்.

வீட்டுக்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரர், தனி ஆள். தீவின் அந்த முனைக்கும் இந்த முனைக்கும் லொறி ஓட்டுவார். அதிகம் கதைக்கமாட்டார். ஒருநாள் நான் கொடியில் உடுப்புப் போட்டுக்கொண்டிருக்கையில் கூட்டுக்குப் பக்கத்தில் நின்று, "அதற்குள் கால்வாசி ஓநாய்," என்றார்.

எனக்குச் சரியாக விளங்கவில்லை என்று நினைத்தேன். திருப்பிக் கேட்டேன்.

"ஓநாய். அதன் பாட்டி முழு ஓநாய் என்று குட்டியை எனக்குத் தந்தவன் சொன்னான். இந்த நாட்டுக்குள் ஓநாயைக் கொண்டுவர விடமாட்டார்கள், தெரியும்தானே. எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. மாநகரசபைப் பதிவில் ஹஸ்கி நாய்க் கலப்பு என்று இருக்கிறது. யாராவது கேட்டால் நீயும் அப்படியே சொல்லு."

உண்மையா பொய்யா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் நீண்ட கால்களும், ஒடுங்கிய நெஞ்சும், மஞ்சள் கண்ணும் எங்கள் ஊரில் நான் கண்ட எந்த நாயிலும் இல்லாதவை. அன்றைக்கே அந்த இரகசியம் என் தலையிலும் ஏறிவிட்டது. எங்கள் பெயரில் ஏற்கனவே ஒரு கோப்பு அரசாங்க அலுவலகத்தில் திறந்திருந்தது. இன்னொன்று திறக்கப்படுவதை நான் விரும்பவில்லை.

மார்ச் மாதத்தில் வீட்டுக்காரர் சுமை கட்டும்போது லொறியின் மேலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்தார். குரல் மயக்க மருந்தில் குழைந்திருந்தது.

"இரண்டு கிழமைக்கு மட்டும். கராஜில் பிஸ்கட் மூட்டை இருக்கிறது. காலையில் ஒருதரம் கூட்டின் கீழே இருக்கும் சின்னக் கதவால் உள்ளே தள்ளிவிடு. அது உள்ளே நிற்கும்போது நீ கூட்டுக்குள் போகாதே. வேறு யாரையும் கேட்க ஏலாது."

"எனக்கு நாய் பார்த்துப் பழக்கமில்லை," என்றேன்.

"அதற்கும் மனுசரைப் பார்த்துப் பழக்கமில்லை," என்றார்.

இரண்டு கிழமை ஆறு மாதமாகியது.

முதல் மாதம் பிஸ்கட் போட்டேன். மண்ணிற உலர்ந்த உருண்டைகள், பழைய எண்ணெய் நாற்றம். நாய் முகர்ந்துவிட்டு விலகிப் போகும். பின்னேரம் வேறு வழியில்லாமல் கொஞ்சம் தின்னும். தின்றால் வயிற்றால் போகும். மூக்கைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் தோல் பொருக்கு வெடித்து, மயிர் கொட்டத் தொடங்கியது. தன் வால் அடியைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கியது.

வீட்டுக்காரருக்குச் சொன்னேன். "அப்படியென்றால் நாய் ரோல் வாங்கிக் கொடு," என்றார். கடைகளில் பெரிய தொத்திறைச்சி மாதிரிப் பிளாஸ்டிக் உறையில் விற்பார்கள், வெட்டிப் போடலாம். செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்றும் சொன்னார். அதையும் போட்டேன். வயிறு இன்னும் மோசமாகியது.

நாங்கள் சைவம். என் குசினிக்குள் முட்டைகூட வந்ததில்லை. எனக்குத் தெரிந்ததைச் செய்தேன்: குழையக் காய்ச்சிய சோறும் தயிரும். தயிரை மட்டும் நக்கிவிட்டுச் சோற்றை விட்டது. அடுத்தநாள் சோற்றோடு பருப்புக் கறியைப் பிசைந்து வைத்தேன். வெங்காயம் தாளித்துக் கொட்டிய பருப்பு. நல்ல காலம், அதையும் தொடவில்லை. வெங்காயம் நாய்க்கு நஞ்சு என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு காலை அது எழும்பி வரவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் படுத்தபடி என்னைப் பார்த்தது. விலா எலும்புகள் எண்ணக்கூடிய மாதிரித் தெரிந்தன. நான் எங்கள் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வருடம் பிள்ளைகளுக்குப் புரதமும் கல்சியமும் படிப்பித்தவளுக்கு முன்னால் ஒரு உயிர் சாப்பாடு சரியில்லாமல் வற்றிக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அன்றைக்கே ரயில் எடுத்து ஹென்டர்சன் நூலகத்துக்குப் போனேன். வந்து ஒரு வருடத்தில் நான் தனியாக ரயில் ஏறியது அதுதான் முதல்தரம். நாய் வளர்ப்புப் புத்தகம் மூன்று, ஓநாய்கள் பற்றிய படப்புத்தகம் ஒன்று. அங்கேயே மேசையில் இருந்து, பாடக்குறிப்பு எழுதுவது போலக் கொப்பியில் எழுதினேன். ஒரு புத்தகம் தானியம் நல்லது என்றது, மற்றது கூடாது என்றது. ஓநாய்ப் புத்தகத்தில் ஒரு ஓநாய் மானின் வயிற்றுக்குள் முகத்தை விட்டபடி நின்றது. அந்தப் பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு கீழே இருந்ததை வாசித்தேன்.

இறைச்சி மட்டும் கொடுத்தாலும் பிழை. இறைச்சியில் பொசுபரசு கூட, கல்சியம் குறைவு, எலும்பு பலவீனமாகிவிடும். எலும்பு வேணும், ஆனால் சமைத்த எலும்பு கூடாது, அது ஊசி மாதிரி உடைந்து குடலைக் கிழிக்கும். ஈரல் நல்லது, ஆனால் கூடினால் விட்டமின் ஏ நஞ்சாகும். தோல் பொருக்கு வெடிப்பதற்கு நாகச்சத்து, அதாவது துத்தநாகம், குறைவது காரணமாக இருக்கலாம். கொப்பியில் கோடு போட்டு அட்டவணை கீறினேன். மேலே 'சமச்சீர் உணவு' என்று எழுதி அடிக்கோடிட்டேன். கை தன்பாட்டில் செய்த வேலை அது. மற்றவர்கள் பார்க்கிறார்களோ என்று தலையை நிமிர்த்திப் பார்த்தேன், ஒருவரும் பார்க்கவில்லை.

அடுத்தது மிருக வைத்தியர். நாயைக் கொண்டுபோக முடியாது, நான் மட்டும் போனேன். இளம் பெண். "என்ன இனம்?" என்று கேட்டார்.

"ஹஸ்கிக் கலப்பு."

"எதோடு கலப்பு?"

"தெரியாது."

பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு, தான் பின்னேரம் அந்தப் பக்கம் வருவதாகவும் வந்து பார்ப்பதாகவும் சொன்னார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விலாசத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். வீடு வந்து சேரும்வரை நான்தான் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அவர் வந்தார். வலைக்கு வெளியே நின்று கனநேரம் பார்த்தார். நாய் கூட்டின் தூரத்து மூலையில் நின்று அவரைப் பார்த்தது.

"இது ஹஸ்கிக் கலப்பு," என்றார் கடைசியில், எனக்குச் சொல்வது போலவும் தனக்குச் சொல்வது போலவும். "நான் ஹஸ்கிக் கலப்பு என்றுதான் எழுதியிருக்கிறேன்."

பிறகு என் கொப்பியை வாங்கிப் பார்த்தார். தமிழ் எழுத்துக்கு நடுவில் இருந்த ஆங்கிலச் சொற்களை விரலால் தொட்டுத் தொட்டுப் போனார். "இந்த மாதிரி நாய்களின் வயிற்றுக்குத் தானியம் ஒத்துவராது. நீங்கள் எழுதினது பெரும்பாலும் சரி. ஆனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு இறைச்சி. பத்து நாள் பாருங்கள். பிறகு அடுத்தது." நாகச்சத்துக் குளிசையும் பூச்சி மருந்தும் தந்தார். போகும்போது, "நீங்கள் தாதியா?" என்று கேட்டார். "ஆசிரியை," என்றேன். அந்தச் சொல்லை ஒரு வருடமாக நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இனி இறைச்சிக் கடை. நான் அதுவரை எந்த ஊரிலும் இறைச்சிக் கடைக்குள் கால் வைத்ததில்லை. ஹென்டர்சனில் ஒரு கடைக்கு முன்னால் இரண்டுதரம் போய்த் திரும்பினேன். மூன்றாந்தரம் உள்ளே வெள்ளை மேலங்கியோடு நின்ற பெண் என்னைக் கண்டு கையசைத்தார். மலேசியத் தமிழ்ப் பெண், கிறிஸ்தவர், கழுத்தில் சின்னச் சிலுவை.

"அக்கா, தமிழா? ரொம்ப நேரமா வெளியவே நிக்கிறீங்களே. வாங்க உள்ள."

"எனக்கில்லை, நாய்க்கு," என்றேன் வாசலில் நின்றபடியே.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க," என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "நெசமாவே நாயிக்கா? சரி சரி. என்னா நாயி?"

"பெரிய நாய். வயிறு சரியில்லை."

"சைவமா நீங்க?"

"ஓம்."

"ஐயோ பாவம் லா," என்றார். எனக்கா நாய்க்கா என்று தெரியவில்லை.

அவர்தான் எனக்கு வழி காட்டினார். கோழிக் கழுத்து, மாட்டு இதயம், கொழுப்பு நீக்கிய துண்டுகள். நான் அட்டவணையைப் பார்த்து ஆட்டு ஈரல் கேட்டபோது கையை விரித்தார். "செம்மறி ஈரல், குடல் எல்லாம் பச்சையா நாயிக்குக் குடுக்கவே கூடாது அக்கா. பூச்சி வரும். மனுசனுக்கும் தொத்திக்கும். இங்க சட்டமே இருக்கு. மாட்டு ஈரல் கொஞ்சமா எடுத்துக்கங்க, வாரத்துல ரெண்டு நாளு போதும்." புத்தகத்தில் இல்லாத அந்த விசயத்தைக் கொப்பியில் சேர்த்துக்கொண்டேன். கண்ணில் படாதபடி எல்லாவற்றையும் வெள்ளைத் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றித் தந்தார்.

முதல் நாள் கோழிக் கழுத்து. உடுப்புத் தோய்க்கும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகை, தனிக் கத்தி, தனி வாளி. மூக்கில் சீலைத் துண்டைக் கட்டிக்கொண்டு பையைத் திறந்தேன். வாந்தி எடுத்தேன். முகம் கழுவிவிட்டு வந்து திரும்பத் திறந்தேன். சின்னக் கதவால் நாலு கழுத்தைத் தட்டோடு உள்ளே தள்ளினேன். நாய் ஒன்றை எடுத்து, முன்கால்களுக்கு நடுவில் வைத்து, தலையைச் சரித்துக் கடித்தது. எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. அது முடித்த பிறகு தட்டை நக்கவில்லை, நிலத்தை நக்கியது.

பத்து நாள் கோழி. பிறகு மாட்டு இதயம். மாடு என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. எங்கள் அறையில் சாமிப் படத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைப்பேன். வெள்ளிக்கிழமை இறைச்சி வெட்டுவதில்லை என்று வியாழனே வெட்டிக் குளிர்ப்பெட்டியில் வைத்தேன். எங்கள் குளிர்ப்பெட்டியில் இல்லை, மேலே வீட்டுக்காரருடையதில். வெட்டியதும் தலைமுழுகுவேன். ஜூன் வந்து இந்த நாட்டின் குளிர்காலம் தொடங்கியிருந்தது. ஒருநாளும் என் தலை காயவில்லை.

கணவர் ஒரு சனிக்கிழமை வேலை குறைவென்று மத்தியானமே வந்துவிட்டார். நான் இதயத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று பார்த்தார்.

"என்ன இது? இறைச்சிக் கடையோ நடத்துறீர்?"

"நாய்க்கு. சொன்னனான்தானே."

"பிஸ்கட்டைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறதுக்கு..."

"செத்துப்போயிருக்கும். நீங்கள் பாக்கேல்லையே அது எப்பிடிக் கிடந்ததெண்டு? உங்களுக்கென்ன, நீங்கள் விடியப் போனால் பொழுதுபட வாறீங்கள். நான்தான் நாள் முழுக்க அதின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறன்."

அவர் படியில் குந்திக்கொண்டு சப்பாத்தைக் கழற்றினார். ஒரு சப்பாத்தைக் கழற்றிவிட்டு மற்றதைக் கழற்றாமல் அப்படியே இருந்தார்.

"நான் அங்கை பை சாப்பிடுறனான்," என்றார்.

"என்ன பை?"

"இறைச்சி பை. மாவுக்குள்ளை இறைச்சி வைச்சுச் சுட்டது. களஞ்சியத்துக்குச் சாப்பாட்டு வான் வரும். எல்லாரும் வாங்குவாங்கள். நீர் தாற புட்டைத் திறந்தால் அவங்கள் எட்டிப் பாப்பாங்கள், என்ன மணக்குதெண்டு கேப்பாங்கள். பதில் சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போனன். ஏழெட்டு மாதமாச்சு."

"அப்ப நான் கட்டித் தந்த சாப்பாடு?"

"வாற வழியிலை... ரயிலுக்கு நிக்கேக்கை சாப்பிடுவன். சில நாள் ஏலாது."

நாலு மணிக்கு எழும்பிப் புட்டவித்த காலைகள் எல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தன. கோபப்பட்டிருக்கலாம். ஆனால் என் இரண்டு கையும் மாட்டு இரத்தமாக இருந்தது. "கத்தியைக் கழுவித் தாறன், இதை நீங்கள் வெட்டுங்கோ," என்றேன். அவர் மற்றச் சப்பாத்தையும் கழற்றிவிட்டு வந்து வெட்டினார். நாங்கள் இருவரும் அந்த அளவு நேரம் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்து கனகாலம் ஆகியிருந்தது.

ஜூலை மாதமளவில் நாயின் வயிறு முற்றாகச் சரியாகிவிட்டது. காலையில் கோழிக் கழுத்தும் இதயமும், கிழமையில் இருதரம் ஒரு துண்டு ஈரல், இருதரம் டின் மீன், ஒரு பச்சை முட்டை, துருவிய கரட் ஒரு கைப்பிடி. மூக்கைச் சுற்றிப் பொருக்கு மறைந்து கரும் மயிர் முளைத்தது. கழுத்தைச் சுற்றிச் சால்வை போட்டது போலத் தடித்த மயிர். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அது நடப்பதை நிறுத்தவில்லை. வலை ஓரமாகப் போய், மூலையில் ஒரே இடத்தில் ஒரே காலை ஊன்றித் திரும்பி, திரும்பவும் வலை ஓரமாக. நிலத்தில் அதன் பாதை பள்ளமாகிவிட்டது. சாப்பாடு சரியானதும் பலம் வந்தது, பலம் வந்ததும் இன்னும் வேகமாக நடந்தது. என் அட்டவணையில் அதற்கு ஒரு நிரல் இல்லை.

ஓகஸ்டில் ஒருநாள் காலை நடந்ததைச் சொல்லவேண்டும்.

கூட்டின் ஒரு பக்கத்தில் நாய் படுப்பதற்கு ஒரு மரப்பெட்டி அறை இருந்தது. அதற்கு மேலே இழுக்கும் பலகைக் கதவு. நாய் உள்ளே இருக்கும்போது வெளியிலிருந்து கயிற்றை விட்டால் பலகை விழுந்து மூடும். அப்படி மூடிவிட்டுத்தான் நான் பெரிய கதவால் கூட்டுக்குள் போய்த் துப்புரவாக்குவேன். பெரிய கதவின் கொளுக்கி வெளிப்பக்கம், தானாக விழும் கொளுக்கி. அது விழாமல் இருக்கக் கம்பி ஒன்றால் கொளுவிவிட்டுப் போகவேண்டும். அன்றைக்கு மழைக்கு முன் முடிக்கவேண்டும் என்ற அவசரத்தில் கம்பியை மறந்துவிட்டேன். காற்று கதவை அடித்தது. கொளுக்கி விழுந்த சத்தம் கேட்டது.

நான் உள்ளே. நாயின் சாப்பாட்டு வாளி வெளியே, கதவுக்கு முன்னால்.

கையை வலைக்குள்ளால் விட்டுப் பார்த்தேன். கொளுக்கி எட்டவில்லை. குச்சி ஏதும் கிடக்கிறதோ என்று தேடினேன். நான்தான் காலையில் எல்லாவற்றையும் கூட்டித் துப்புரவாக்கியிருந்தேன். அப்போது பெட்டிக்குள் பிறாண்டும் சத்தம். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. பலகையின் அடியில் மூக்கு தெரிந்தது. பிறகு மூக்கால் பலகை கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. அது அப்படிச் செய்யக்கூடியது என்று எனக்குத் தெரியாது. இத்தனை நாளும் அது செய்யாமல் இருந்திருக்கிறது.

வெளியே வந்து என்னைப் பார்த்தது. அதன் தோள் என் இடுப்பளவு. நான் தண்ணீர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு மூலையில் அதன் மேல் இருந்துகொண்டேன். ஓடக்கூடாது, கண்ணை நேரே பார்க்கக்கூடாது என்று புத்தகத்தில் வாசித்திருந்தேன். ஓட இடமும் இல்லை.

நாய் கதவடிக்குப் போய் வெளியே இருந்த வாளியை மணந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தது. திரும்ப வாளியைப் பார்த்தது. பிறகு நடக்கத் தொடங்கியது. ஒவ்வொரு சுற்றிலும் என் முழங்காலுக்கு ஒரு முழம் தூரத்தில் வந்து திரும்பும். அதன் ஈர மயிர் மணம் முகத்தில் அடிக்கும்.

வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டில் ஒரு வயதான மனுசி இருந்தார். பின்வளவில் அவர் ஏதோ உருட்டும் சத்தம் கேட்டது. கூப்பிட வாயைத் திறந்தேன். கூப்பிட்டால் வருவார். வந்தால் பொலிஸுக்கோ மாநகரசபைக்கோ போன் போடுவார். அவர்கள் வந்து, இது என்ன நாய் என்று கேட்பார்கள். நீ யார் என்று கேட்பார்கள். உன் பேப்பர் எங்கே என்று கேட்பார்கள். நாயைக் கொண்டுபோய்க் கொன்றுவிடுவார்கள். எங்கள் கோப்பில் ஒரு வரி எழுதுவார்கள். வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

இன்றைக்கும் அந்த நாளைப் பற்றி நினைத்தால் நாய் நினைவுக்கு வருவதில்லை. கூப்பிடாமல் இருந்ததுதான் நினைவுக்கு வரும்.

மழை வந்தது. நாய் பெட்டிக்குள் போகவில்லை, நனைந்தபடி நடந்தது. எங்கள் குசினிக்குள் போன் அடித்து அடித்து நின்றது. மத்தியானமளவில் அது நடப்பதை விட்டு, எனக்கு ஆறேழு அடி தள்ளிப் படுத்தது. முகத்தை முன்கால்களின் மேல் வைத்துக் கதவையே பார்த்தது. நானும் கதவைப் பார்த்தேன். எனக்கும் பசித்தது. கதைத்தால் நல்லதென்று ஏதோ உணர்வு. ஆங்கிலம் வரவில்லை. "எனக்கும்தான் தெரியாது, எப்ப விடுவாங்களெண்டு," என்றேன். அது காதை மட்டும் என் பக்கம் திருப்பியது. வகுப்பில் முதல் பாடம் எடுப்பது போல, அதற்கு ஏன் ஈரல் கிழமைக்கு இருதரம் மட்டும், ஏன் எலும்பு சமைக்கக்கூடாது என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கணவர் பொழுதுபட வந்தார். வேலியோரத்து ஒழுங்கையால் வந்தவர் என்னைக் கண்டதும் சாப்பாட்டுப் பெட்டியைக் கீழே போட்டார். கதவை நோக்கி ஓடி வந்தார்.

"கதவைத் திறக்காதேங்கோ!" என்றேன். "முதல் அந்த வாளியை எடுத்து, அங்காலை சின்னக் கதவாலை சாப்பாட்டைப் போடுங்கோ. மெதுவா."

அவர் அப்படியே செய்தார். நாய் எழும்பிப் போய்ச் சாப்பிடத் தொடங்கியது. அவர் சுற்றி வந்து கொளுக்கியைத் தூக்கினார். நான் எழும்பினேன், கால் மரத்துப்போய் விழப் பார்த்தேன். அவர் இழுத்து வெளியே எடுத்துக் கதவைச் சாத்தினார். ஒழுங்கையிலேயே என்னைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய மேலங்கியில் இறைச்சி பையின் மணம் இருந்தது.

"நாளைக்கே அந்தாளுக்குச் சொல்லுவம். எங்களாலை ஏலாதெண்டு."

"வேண்டாம்."

"உமக்கென்ன விசரோ? அது உம்மைக் கடிச்சிருந்தால்?"

"கடிக்கேல்லையே. இந்த நாட்டிலை எனக்கெண்டு இருக்கிற வேலை இது ஒண்டுதான். இதையும் விட்டுட்டு நான் அந்த யன்னலடியிலை போய் இருக்கிறதோ?"

அவர் அடுத்த ஞாயிறு கொளுக்கியைக் கழற்றி, உள்ளேயும் வெளியேயும் திறக்கக்கூடிய ஒன்றைப் பூட்டினார்.

செப்டெம்பரில் வீட்டுக்காரர் இரண்டு ஊன்றுகோல்களோடு வந்தார். கூட்டுக்கு முன்னால் நின்றார். நாய் வலையோடு ஒட்டி நின்று முனகியது. அவர் விரலை உள்ளே விட்டு அதன் கழுத்து மயிரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுவது எங்களுக்குத் தெரியக்கூடாது என்று முகத்தை அங்கால் திருப்பிக்கொண்டார்.

"நான் வைத்திருந்ததிலும் பார்க்க நல்லாக இருக்கிறது," என்றார்.

இனி லொறி ஓட்ட முடியாது, மாடிப்படி ஏறவும் கஷ்டம். தென்தீவில் அவருடைய தம்பிக்குப் பெரிய பண்ணை இருந்தது. அங்கே போகப்போவதாகச் சொன்னார். நாயும் போகும். வீட்டை இப்போதைக்கு விற்கமாட்டேன், நீங்கள் இருங்கள் என்றார். நான் அட்டவணையை ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். சமைத்த எலும்பு, வெங்காயம், செம்மறி ஈரல் மூன்றுக்கும் சிவப்புப் பேனையால் கோடு. மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தம்பி வந்து நாயை மரக்கூட்டில் ஏற்றி, வாகனத்தில் தள்ளியபோது அது என் பக்கம் பார்க்கவேயில்லை. பார்க்கும் என்று ஏன் எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை.

மிச்ச இறைச்சியைக் கடைப்பெண்ணிடம் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "எங்க அக்கா ஆளையே காணோம்னு இனி நான்தான் தேடணும்," என்றார். இறைச்சி வாங்கத் தேவையில்லாமல் அந்தக் கடைக்கு எப்படிப் போவது என்று எனக்குத் தெரியவில்லை. போகவில்லை.

கோடையில் வீட்டுக்காரர் ஒருதரம் போன் எடுத்தார். நாய் எப்படி என்று கேட்டேன்.

"நல்லாக இருக்கிறது. முயல் பிடிக்கிறது. பண்ணையில் செத்ததெல்லாம் தின்கிறது. நாய் ரோலும் தின்கிறது."

"நாய் ரோலா? வயிறு?"

"ஒன்றும் செய்யவில்லை. ஓடுகிறதுதானே." கொஞ்சம் தயங்கினார். "அந்தப் பேப்பரை எங்கேயோ வைத்துவிட்டேன். முதல் கிழமையே. மன்னிக்கவேண்டும்."

பரவாயில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன். அன்று முழுக்க என்னால் ஒருவேலையும் செய்ய முடியவில்லை. அவ்வளவு கோபம். கணவர் வந்ததும் சொன்னேன். "ஆறு மாதம் நான் கை மணக்க வெட்டினன். அது இப்ப கண்டதையும் தின்னுது, ஒண்டும் செய்யேல்லையாம்." அவர் சிரிக்கப் பார்த்து, என் முகத்தைக் கண்டு நிறுத்தினார்.

"அது ஓடுதெல்லே," என்றார்.

எங்கள் அகதி விண்ணப்பத்தின் முடிவுக் கடிதம் இன்னும் வரவில்லை. அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு வேலை முடிந்ததும், யன்னலடிக்குப் போகாமல், ரயில் எடுத்து ஹென்டர்சனுக்குப் போனேன். நூலகத்தில் வாகனம் ஓட்டும் பரீட்சைக்கான விதிகள் அடங்கிய புத்தகத்தைத் தேடி எடுத்து வந்தேன். பின்னேரம் கணவர் சாப்பிட்டுக்கொண்டே அதிலிருந்து கேள்வி கேட்டார், நான் சோற்றைப் பிசைந்தபடி பதில் சொன்னேன். வட்டச் சந்தியில் யாருக்கு முதலில் வழி விடவேண்டும் என்பதில் இரண்டுதரம் பிழைவிட்டேன். எங்களிடம் கார் இருக்கவில்லை.